ஆறு மஞ்சள் கோடுகள்

ரோஸ்விதாவின் கை தப்புச் செய்யாது என்று அந்தத் தொழிற்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். பதினெட்டு வருஷமாக அதையே கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவளும் நம்பிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வியன்னாவுக்குத் தெற்கே, ஸ்டைன்ஃபெல்ட் சமவெளியில், விமானத் திடலை ஒட்டி இருக்கிற அந்தக் கம்பெனி செய்வது ஆளில்லா ஹெலிகாப்டர். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கார் நீளம் இருக்கும். கப்பலின் மேல்தளத்திலிருந்து எழும்பிப் போய், கவிழ்ந்த படகையும் தத்தளிக்கிற மனுஷனையும் தேடிக் காட்டிவிட்டு, ஆடுகிற அதே தளத்தில் திரும்பி வந்து உட்காரும். உள்ளே ஆள் கிடையாது. ஆள் இல்லையே என்ற அலட்சியமும் கிடையாது. ஒவ்வொரு போல்டுக்கும் ஒரு காகிதம், ஒவ்வொரு காகிதத்திலும் இரண்டு கையெழுத்து. முறுக்கியவர் போடுவது ஒன்று, சரிபார்த்தவர் போடுவது இன்னொன்று.

ரோஸ்விதாவின் வேலை ரோட்டாரின் தலைப்பாகம். மேலே சுற்றுகிற இறக்கைகளைத் தண்டோடு பிடித்து வைக்கிற இடம் அது. அங்கே ஆறு போல்ட். முதலில் ஆறையும் பாதி அளவுக்கு முறுக்க வேண்டும். பிறகு முறுக்கின் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சை முழு அளவுக்குத் திருகி வைத்துக்கொண்டு, ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பதை என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். அளவு வந்ததும் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும். ஆறு ‘டக்’ கேட்ட பிறகு ரெஞ்சைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, போல்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் கோடு இருந்துவிட்டால் அந்தக் கூடத்தில் வேறு சாட்சி யாரும் கேட்கமாட்டார்கள்.

நடுவில் எழுந்து போக நேர்ந்தால் சிவப்புப் பட்டை கட்டிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் முதல் போல்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ரெஞ்சுப் பெட்டி மூடியிருந்தால் முறுக்கியாகிவிட்டது, திறந்திருந்தால் ஆகவில்லை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் விதியைவிடப் பழக்கத்தைத்தான் கை கேட்கும்.

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அது. மறுநாள் தவக்காலம் பிறந்துவிடும் என்பதால் அன்றைக்கு ஊரே கோமாளி வேஷம் கட்டும். கம்பெனி முதலாளியும் சிவப்பு மூக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு, ஆப்ரிகாட் ஜாம் அடைத்துப் பொரித்த கிராப்ஃபன் உருண்டைகளைத் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தார். வருஷத்தில் ஒரு நாள் அவர் பரிமாறுவார், தொழிலாளிகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தட்டை நேரே கொண்டுவந்து ரோஸ்விதாவின் மேஜையில் வைத்தார். அவள் அப்போது நாலாவது ‘டக்’கைக் கேட்டு முடித்திருந்தாள்.

கிராப்ஃபன் மேல் பொடிச் சர்க்கரை மாவாகக் கொட்டிக் கிடந்தது. ஊதினால் பறக்கிற சர்க்கரை. ரோஸ்விதா பதறிப்போய் ரோட்டார் தலையைத் துணியால் மூடினாள். ரெஞ்சின் பல்லுக்குள் சர்க்கரை புகுந்துவிடப்போகிறதே என்று அதையும் பெட்டியில் வைத்து டப்பென்று மூடினாள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். சிவப்புப் பட்டையை எடுக்கக் கையும் நீண்டது. முதலாளி மூக்கை மாட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது போய்ப் பட்டை கட்டினால் ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள் என்று நினைப்பார்களே என்று கூச்சம் வந்தது. ஐந்து நிமிஷம்தானே என்று விட்டுவிட்டாள்.

ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. சரிபார்க்கிற ஹெர்விக் மட்டும் மூன்று உருண்டை தின்றான். அறுபத்துநாலு வயசு ஆள், இருபது வருஷப் பழக்கம், வாயைத் திறந்தால் கிண்டல்தான். ரோஸ்விதா கை கழுவிவிட்டு வந்து துணியை விலக்கினாள். பெட்டி மூடியிருந்தது. கை பாட்டுக்கு மஞ்சள் பேனாவை எடுத்தது. ஆறு கோடு போட்டாள், கையெழுத்தும் போட்டாள். ஹெர்விக் தன் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு போல்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்திருக்க வேண்டும். அவன் கையில் ஜாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. தலையைச் சாய்த்துக் கோடுகளைப் பார்த்து, ரூலர் வைத்துப் போட்டாயா என்று கேட்டுவிட்டு, அவனும் கையெழுத்துப் போட்டான். வழக்கம்போல அதைப் போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை, வடக்கு நாடு ஒன்றின் கடலோரக் காவல் படையிலிருந்து ஐந்து பேர் அந்த மெஷினைப் பார்த்து வாங்கிப்போக வந்தார்கள். ஓட்டிக் காட்ட நின்றவன் ஈவோ யுராசிச். எல்லைப்புறத்துக் குரோவாஷியக் கிராமத்துப் பையன், இருபத்தொன்பது வயசு. ஆடுகிற கப்பல் மேல் மெஷினை இறக்குவதில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. இந்த வியாபாரம் முடிந்தால் மெஷினோடு அவனும் வடக்கே போவதாக இருந்தது, இரண்டு வருஷத்துக்கு. பெண்டாட்டி அதற்காகவே பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள். வீட்டைக்கூட வேறு ஆளுக்கு விட்டாயிற்று.

தான் கட்டிய மெஷின் முதல்முதலாக விருந்தாளிகள் முன்னால் பறக்கிறபோது வெளியே வந்து பார்ப்பது ரோஸ்விதாவின் வழக்கம். காற்றின் வேகத்தைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை பாதி தொங்கிக்கொண்டிருந்தது, பலத்த காற்று இல்லை. ஈவோ கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் நின்று அவளைப் பார்த்துத் தலையசைத்தான். மெஷின் எழும்பிற்று, திடலைத் தாண்டிற்று, உழுது போட்டிருந்த பீட்ரூட் வயலின் மேல் திரும்பிற்று. காற்று ஒரு தடவை வீசியது. மேலே ஏதோ ‘விண்’ணென்று தெறித்த மாதிரி ஒரு சத்தம். இறக்கை தனியாக ஒரு பக்கம் போயிற்று, உடம்பு தனியாகக் கீழே போயிற்று. வயலில் குத்திக்கொண்டு நெருப்புப் பிடித்தது.

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, ரோஸ்விதா மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு ‘டக்’, இரண்டு, மூன்று, நாலு. அதற்கப்புறம் சிவப்பு மூக்கு. ஐந்தாவது சத்தத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவள் மெஷின் அல்லவா என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

மதியத்துக்கு மேல் கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் தோளோடு தோள் வரிசை கட்டி, சேற்றில் இறங்கி உதிரிகளைத் தேடினார்கள். ரோஸ்விதாவும் குனிந்து தேடினாள். கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேடினாள், அந்தப் புண்ணியவதி. ஆறு போல்டில் நாலு முறிந்து கிடைத்தன. இரண்டு கிடைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பாதுகாப்புக்குப் பொறுப்பான வோல்முத் இன்ஜினியரம்மா எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினாள். வாய் அதிகம் பேசாத, நியாயமான பொம்பளை. எல்லோருக்கும் தெரிந்த விதியையே மறுபடி படித்தாள். தன்னால் தவறு நடந்தது என்று தெரியவந்தவர், தெரிந்த மூன்று நாளுக்குள் தானாக வந்து எழுதிக்கொடுத்தால் தண்டனை கிடையாது, வேலை போகாது, யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மூன்று நாளுக்குமேல் மறைத்தது தெரிந்தால் அது வேறு கதை.

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம். முதல் நாள் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு முடி உதிர்ந்திருக்காது. ரோஸ்விதா வெள்ளிக்கிழமை இரண்டு தடவை அந்த அறை வாசல்வரைக்கும் போனாள். ஒரு தடவை உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள் என்று திரும்பினாள். இன்னொரு தடவை உள்ளே யாரும் பேசவில்லை, அப்போதும் திரும்பினாள். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லை. பதினெட்டு வருஷம் கட்டிக் காத்த பேரு. புதுசாகச் சேருகிறவர்களையெல்லாம் அவள் மேஜைக்கு அழைத்துவந்து, கோடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவார்கள். அந்தப் பேரைத் தன் வாயாலேயே குழிதோண்டிப் புதைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலையில் மூன்று நாள் கணக்கும் தாண்டிவிட்டது.

அதற்குள் பழி ஈவோ பக்கம் சாய்ந்துவிட்டது. யாரும் வஞ்சகமாகச் சாய்க்கவில்லை. போட்டோவில் ஆறு கோடும் ஒழுங்காக இருந்தன. காகிதத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. கிடைக்காத இரண்டு போல்டும் மோதலில் பிய்த்துக்கொண்டு சேற்றுக்குள் போயிருக்கும் என்றார்கள். விழுந்த நிமிஷத்தில் காற்று வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்ததாகக் கருவி காட்டியது. மெஷின் சரி, காற்று சரியில்லை, அப்படியானால் பறக்கவிட்டவன் யார்?

திங்கட்கிழமை மத்தியானம் கார் நிறுத்துகிற இடத்தில் ரோஸ்விதா ஹெர்விக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிகரெட்டைப் பற்றவைத்தான், பாதியிலேயே அணைத்தான். அன்றைக்கு அவன் வாயில் கிண்டல் வரவில்லை.

“ஆறாவது வரைக்கும் முறுக்கலன்னு உனக்குத் திட்டமாத் தெரியுமா? சத்தியம் பண்ணுவியா?” என்றான்.

“சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இல்ல.”

“அப்ப விடு. ஞாபகம் இல்லாததுக்கெல்லாம் யாரும் தூக்குல போடமாட்டான். நீ போய்ச் சொல்லுவ, உனக்கு மனசு லேசாயிடும். சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே, என் கதி என்ன? ரிட்டையர் ஆக எனக்கு இன்னும் பதினோரு மாசம், ரோஸி. கடைசியில பொய்க் கையெழுத்துக்காரன்னு பட்டம் வாங்கிட்டா வீட்டுக்குப் போகச் சொல்ற?”

“ஈவோ சுமக்கிறானே.”

“சின்ன வயசு. கைத்தொழில் இருக்கு. இங்க இல்லன்னா இன்னொரு இடம், பொழச்சுக்குவான்.”

இது அநியாயம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சத்தியம் பண்ண முடியாது. ஒருவேளை முறுக்கியிருப்பேன். ஒருவேளை சத்தம்தான் மறந்துவிட்டதோ. அந்த ‘ஒருவேளை’யைப் போர்த்திக்கொண்டு ஒன்பது நாள் ஓட்டினாள். சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் இரத்தப் பரிசோதனை செய்துகொள் என்று நச்சரித்தார். மேஜையில் உட்கார்ந்தால் ஒரு போல்டை முறுக்குவாள், மறுபடி முறுக்குவாள், மூன்றாம் முறையும் பார்ப்பாள். பாரேன், இந்த நிலைமையிலும் எவ்வளவு கவனம் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினை உடைத்த ஓட்டுநர், அதைக் கட்டிய கூடத்துக்கு ஒரு பெட்டி பீர் கொண்டுவந்து தன் கையால் திறந்து கொடுக்க வேண்டும். மெஷினின் கால் ஒன்று சின்னதாக வளைந்தாலும் சரி, பெட்டி வந்துவிடும். அதோடு மனத்தாங்கல் தீர்ந்தது, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

மெஷின் விழுந்து இரண்டாவது வாரத்துப் புதன்கிழமை, வேலை முடிகிற நேரத்தில், ஈவோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் பாதியாக இளைத்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, பாட்டிலைத் திறந்து கொடுத்து, கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். ஹெர்விக் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஏதோ முனகிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்விட்டான். கடைசியில் ரோஸ்விதாவிடம் வந்தான்.

“உங்க கையால கட்டினதை நாலு நிமிஷத்துல உடைச்சுப்போட்டேன். கிளப்பறதுக்கு முன்னாடியே காத்து ஏறும்னு எனக்குத் தோணியிருக்கணும். வந்தவங்க காத்திருக்காங்களேன்னு அவசரப்பட்டுட்டேன்போல” என்றான்.

அவன் கிளப்பிய நேரத்தில் காற்று ஏறாமல் காற்றுப்பை பாதி தொங்கிக்கொண்டிருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தவள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கூடம் முழுக்க நிற்கிறது, எதிரே அவன் நிற்கிறான், வாய் திறந்துவிட்டது.

“பரவாயில்ல, விடு” என்றாள்.

மன்னித்துவிட்டாளாம்! அவன் கண் கலங்கிவிட்டது. பாட்டிலோடு பாட்டிலைத் தொட்டான். அவள் குடித்தாள். அந்த பீர் தொண்டையில் இறங்கியபோது ‘ஒருவேளை’யும் அதோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. முறுக்கவில்லை. அது அவளுக்கு எப்போதோ தெரியும். முதல் நாள், முதல் நிமிஷத்திலிருந்தே தெரியும்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு அடிபட்டது. ஈவோ தானாக எழுதிக்கொடுத்துவிட்டானாம், காற்று ஏறுகிறது என்று தெரிந்தும் கிளப்பினேன் என்று. மூன்று நாள் தாண்டி எழுதியதால் வேலை போயிற்றாம், வெள்ளிக்கிழமை காலை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறானாம். வடக்கே போவது இல்லை என்று ஆகிவிட்டதாம். நல்ல பையன், ஒளிக்காமல் ஒத்துக்கொண்டானே என்று தட்டிலிருந்த உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே பேசினார்கள். செய்யாத தப்பை ஒருவன் ஒத்துக்கொண்டுவிட்டான், செய்தவள் சூப்பை ஆற்றிக்கொண்டிருக்கிறாள். ரோஸ்விதாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹெர்விக்கிடம் போய், நான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன், உனக்கு முதலில் தெரியட்டும் என்று வந்தேன் என்றாள். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. உன் இஷ்டம் என்றான். இருபது வருஷ சிநேகிதம் அந்த இரண்டு வார்த்தையோடு முடிந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

இன்ஜினியரம்மாவின் அறையில் ஈவோ ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். அடையாள அட்டை மேஜைமேல் இருந்தது. ரோஸ்விதா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னாள். நாலு போல்டுதான் முறுக்கினேன், பெட்டியை மூடிவிட்டேன், பட்டை கட்டவில்லை, வந்து ஆறுக்கும் கோடு போட்டேன், காற்றினால் விழவில்லை, என்னால் விழுந்தது. இன்ஜினியரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

ஈவோதான் முதலில் பேசினான். அவன் திட்டுவான் என்றுதான் ரோஸ்விதா எதிர்பார்த்தாள்.

“வேணாங்க” என்றான். “எனக்காக நீங்க இதைப் பண்ணாதீங்க.”

அவளுக்குப் புரியவில்லை.

“என் மேல பாவப்பட்டுச் சொல்றாங்க மேடம்” என்று இன்ஜினியரம்மாவிடம் சொன்னான். “இவங்க முறுக்கின போல்டு கழண்டுச்சுன்னா திடல்ல ஒருத்தர் நம்புவாங்களா? என் வீட்டுக்காரி வேலையை விட்டதையெல்லாம் யாரோ இவங்ககிட்டச் சொல்லியிருக்காங்க.”

எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உங்க மனசு யாருக்கும் வராது என்றான். ரோஸ்விதாவுக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தான் எவ்வளவு மட்டமானவள் என்பதை இனி அவள் நிரூபித்துக் காட்டியாக வேண்டும்.

கீழே வாருங்கள் என்றாள். மூன்று பேரும் கூடத்துக்கு இறங்கினார்கள். பாதியில் நின்றிருந்த இன்னொரு மெஷினின் ரோட்டார் தலை அவள் மேஜையில் இருந்தது. அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஆறு போல்டையும் பாதி அளவுக்கு முறுக்கினாள். பிறகு ரெஞ்சைத் திருகி வைத்து முழு அளவு கொடுத்தாள். ‘டக்’, ‘டக்’, ‘டக்’, ‘டக்’. நாலோடு நிறுத்தினாள். மஞ்சள் பேனாவை எடுத்து ஆறு கோடு போட்டாள். கூடத்தில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹெர்விக் கை கழுவுகிற தொட்டிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“எது ரெண்டு லூஸா இருக்கு, சொல்லு” என்றாள் ஈவோவிடம்.

குனிந்து பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். ஆறும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றைக் காட்டினான். அவள் ரெஞ்சை அவன் கையில் கொடுத்தாள். அது அசையாமல் உடனே ‘டக்’ என்றது. இன்னொன்றைக் காட்டினான், அதுவும் ‘டக்’ என்றது. மூன்றாவதில் ரெஞ்சை வைத்து அழுத்தினான். சத்தமே இல்லாமல் கை கால்வாசி வட்டம் சுற்றிப் போயிற்று. கோடு இரண்டாக உடைந்தது.

அவன் ரெஞ்சை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். “அப்ப நான் இல்லையா?” என்று கேட்டான். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இன்ஜினியரம்மா கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தை மேஜைமேல் வைத்தாள். என்ன நடந்தது என்று எழுதச் சொன்னாள். ரோஸ்விதா எழுதினாள். அடுத்த கட்டத்தில் விரலை வைத்தாள் இன்ஜினியரம்மா. தவறு உங்களுக்குத் தெரியவந்த தேதி.

“சில பேருக்கு ஞாபகம் தாமசமாத்தான் வரும்” என்றாள், குரலைத் தாழ்த்தி. “நேத்து வந்துச்சுன்னா நேத்துன்னு எழுதுங்க. அப்ப எல்லாம் மூணு நாளுக்குள்ள அடங்கிடும். உங்களையும் ஹெர்விக்கையும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவள். நல்ல வேலைக்காரியை இழக்க யாருக்கு மனசு வரும்? ரோஸ்விதா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று என்று ஒரு தேதி. அவ்வளவுதான். வேலை தங்கும், ஹெர்விக் பிழைப்பான், ஈவோவும் வடக்கே போவான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஈவோ தலையை நிமிர்த்தினான். அந்த முகத்தில் பதினைந்து நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் இரத்தம் ஓடியது.

“நேத்துதான் தெரிஞ்சுதா?” என்றான். “தெரிஞ்ச உடனே காலையில ஓடி வந்திருக்கீங்களே. வேற யாராவது இருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பாங்க.”

அவன் நன்றிதான் சொன்னான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அவள் ஆயுசு பூராவும் இருக்கலாம். வருஷா வருஷம் வடக்கேயிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவான். அதைப் பிரித்துப் படித்து அலமாரியில் வைக்க வேண்டியிருக்கும். அந்த வாழ்த்தை ரோஸ்விதாவால் வாங்க முடியாது.

குனிந்து தேதியை எழுதினாள். மெஷின் விழுந்த வியாழக்கிழமையின் தேதி. பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள். இன்ஜினியரம்மா ஒரு பெருமூச்சு விட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தொட்டியில் குழாய் நின்றது.

ஈவோ எழுந்து வந்து படித்தான். முதலில் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை படித்தான்.

“அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் வந்து உங்க முன்னாடி நின்னப்பவும்?”

“தெரியும்.”

இன்னும் ஏதாவது சொல்லுவாள் என்பதுபோல அவன் காத்திருந்தான். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது, அதை அவள் விழுங்கிவிட்டாள். அந்த வார்த்தையை இவன் அல்லவா கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். அவன் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அவளைத் திரும்பிப் பார்க்காமல் கூடத்தின் நடுவாக நடந்து வெளியே போய்விட்டான்.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. இச்சம்பவத்தில் யாருக்கேனும் காயம் ஏற்பட்டதா, ஏற்பட்டிருந்தால் பெயர் என்று கேட்டிருந்தது. ஆளில்லா மெஷின் என்பதால் அங்கே எப்போதும் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். ரோஸ்விதா அதில் ஈவோ யுராசிச் என்று முழுப் பெயரையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.